தண்ணீர் போகாத குழாய்

கொளத்தூரில் மீன்தொட்டி செய்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களில் ரோஸ்லின் மட்டும்தான் குரு. தாடி கிடையாது, காவி கிடையாது. வயது முப்பத்து நாலு. சுடிதாருக்கு மேலே அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டை, காதில் செருகிய பென்சில், விரல் நுனிகளில் காய்ந்து உரியும் குழாய்ப் பசை. நீங்கள் ஒரு குரு என்று அவரிடமே சொன்னால், "வேலையைப் பாருங்க" என்பார்.

அவருடைய சீடர் வேதாசலத்துக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்தொரு வருடம் மாநகரப் பேருந்து ஓட்டியவர். ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் ஓட்டியவர். அதை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

முதல் நாள் அவர் சீடராக வரவில்லை. கைபேசியில் ஒரு சத்தத்தைப் பதிவு செய்து எடுத்து வந்திருந்தார்.

"இதை நிறுத்தணும்," என்றார்.

ரோஸ்லின் கைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டார். களக், களக் என்று நாலைந்து தரம். பிறகு நீளமாக ஓர் உறிஞ்சல். கொஞ்சம் அமைதி. மறுபடியும் களக்.

"தொட்டியிலேர்ந்து கீழ இறங்குற தண்ணி," என்றார். "யாருக்குத் தொந்தரவு?"

"எங்க வீட்டம்மாவுக்கு."

நாலு மாதத்துக்கு முன்பு, துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். பெயர் மங்கையர்க்கரசி. வீட்டில் அரசி. வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அதன் முன்னால் சக்கர நாற்காலியை நிறுத்தியபோது, பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது. வேதாசலத்துக்கு அது போதும். வில்லிவாக்கத்தில் இருந்த தன் வீட்டுக்கு அவளை அழைத்து வந்த வாரமே நாலடித் தொட்டி ஒன்றை வாங்கி, ஹாலில் அவள் கட்டிலுக்கு எதிரே வைத்துவிட்டார். ஆறு ஏஞ்சல் மீன்கள். அதில் ஒன்று முழுக் கறுப்பு, அதுதான் அரசியின் செல்லம்.

மீன் பிடித்துப்போயிற்று. சத்தம்தான் பிடிக்கவில்லை. அவள் கண் அசரும் நேரம் பார்த்துக் குழாய் உறுமும். உடம்பு ஒருமுறை தூக்கிப் போடும். விழித்து, இடது கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

"நல்லாத் தூங்கினாத்தான் தேறுவாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்தக் குழாய் தூங்க விடமாட்டேங்குது."

"ஆள் அனுப்பறேன் சார். ரெண்டு மணி நேர வேலை."

"ஆளெல்லாம் வேணாம். எப்படின்னு சொல்லிக் குடுங்க. நானே பாத்துக்கறேன்."

'நானே பாத்துக்கறேன்' என்பது வேதாசலத்தின் மந்திரம். அரசியின் தங்கை கோமளம் அரக்கோணத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். மூன்றாம் நாளே இந்த மந்திரத்தைச் சொல்லி அவளை ரயில் ஏற்றிவிட்டார். ஒரு நர்ஸ் வைத்துக்கொள்ளுங்களேன் என்ற டாக்டருக்கும் அதையே சொன்னார். கஞ்சி வைப்பது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, தலை வாரிப் பின்னுவது எல்லாம் அவர்தான். பின்னல் மட்டும் இன்னும் கோணலாகத்தான் வருகிறது.

தினமும் மாலை நாலு மணிக்கு, அரசியின் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். ஐந்து மணி வரை இருப்பாள். வேதாசலம் வெளியே தலைகாட்டுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

ரோஸ்லின் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கீழ எத்தனை குழாய் இறங்குது?"

"ஒண்ணு."

"தொட்டிக்குப் பின்னாடி ஒரு பெட்டி இருக்குமே. அதுல எத்தனை ஓட்டை?"

"மூணு. வெச்சவன் ரெண்டை அடைச்சு விட்டிருக்கான்."

"நாளைக்கு நாலு மணிக்கு வாங்க, டிரைவர் சார்."

"வர்றேன், டீச்சரம்மா," என்றார் வேதாசலம், தன் மகள் வயதுக்காரியிடம்.

பாடத்தின் முதல் நாள் அந்த ஒரு மணி நேரமும் குழாய் வெட்டினார். ஒவ்வொன்றும் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. இரண்டாம் நாள் நேராக வெட்டினார். அன்று மிச்ச நேரமெல்லாம் வெட்டிய விளிம்பைக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்கச் சொன்னார் ரோஸ்லின்.

"உள்ளே யார் பாக்கப் போறாங்க?"

"தண்ணி பாக்கும்."

மூன்றாம் நாள் பசை.

"தடவி, சொருகி, பத்து எண்ணுற வரைக்கும் கையை எடுக்காதீங்க."

வேதாசலம் முப்பது வரை எண்ணினார்.

"பத்து போதும்."

"கூடப் பிடிச்சா தப்பா?"

"ஒட்டினா ஒட்டினதுதான். பிரிக்கணும்னா அறுக்கணும். எப்பவாவது திறக்க வேண்டியிருக்கும்னு தோணுற இடத்துல பசையே போடாதீங்க," என்றார் ரோஸ்லின்.

நாலாம் நாள் அவரைப் பட்டறைக் கோடியில் இருந்த தொட்டியின் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். தொட்டியில் மேலே நிரம்பும் தண்ணீர் வழிந்து ஒரு சிறு பெட்டியில் விழுகிறது. பெட்டியிலிருந்து குழாய் வழியாகக் கீழே உள்ள இன்னொரு தொட்டிக்கு இறங்குகிறது. அங்கே சுத்தமாகி, மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. இது வேதாசலத்தின் வீட்டிலும் உள்ள ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பெட்டியிலிருந்து மூன்று குழாய்கள் இறங்கின.

"உங்க வீட்ல தண்ணியும் காத்தும் ஒரே குழாய்க்குள்ள முட்டி மோதுது. அதான் உறுமுது. இங்க பாருங்க. முதல் குழாய்ல ஒரு திருகு இருக்கு. அதைக் கொஞ்சம் மூடி வெச்சா, குழாய் முழுக்கத் தண்ணி நிக்கும். காத்து நுழையாது. சத்தம் வராது."

வேதாசலம் குனிந்து காதை வைத்துக் கேட்டார். அத்தனை தண்ணீரும் அந்த ஒரு குழாயில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சுக்கூட விடவில்லை. அவருக்கு அந்தக் குழாயை மிகவும் பிடித்துவிட்டது.

"இது ரெண்டாவது. முதல் குழாய் வாங்கினது போக மிச்சம், நூல் மாதிரி இதுல போகும்."

இரண்டாவதில் தண்ணீர் குழாயின் உள்சுவரைத் தொட்டுக்கொண்டே மெலிதாக இறங்கியது. காதை வைத்தால் ஒரு சின்னச் சலசலப்பு.

"இது?" என்று மூன்றாவதைத் தொட்டார் வேதாசலம். மற்ற இரண்டையும்விட உயரமாக, வாயைத் திறந்தபடி நின்றது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். தூசி ஒட்டியது. "இதுல ஒண்ணுமே போகலையே."

"போகாது."

"அப்புறம் எதுக்கு?"

ரோஸ்லின் பக்கத்து வாளியிலிருந்த தண்ணீர்ச் செடியில் ஓர் இலையைக் கிள்ளிப் பெட்டிக்குள் போட்டார். இலை சுழன்று போய் முதல் குழாயின் வாயில் அப்பிக்கொண்டது. பெட்டியில் தண்ணீர் ஏறியது. இரண்டாவது குழாய் திணறித் திணறி விழுங்க ஆரம்பித்தது. ரோஸ்லின் இன்னோர் இலையைப் போட்டார். அதுவும் அடைத்தது. தண்ணீர் இன்னும் ஏறி, மூன்றாவது குழாயின் விளிம்பைத் தொட்டு உள்ளே கொட்டியது.

பட்டறையே அதிர்ந்தது. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தரையில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை.

"சத்தம் வருதே!" என்று கத்தினார் வேதாசலம்.

"வரட்டும்," என்றார் ரோஸ்லின். இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். மணி நாலே முக்கால் ஆகியிருந்தது. வேதாசலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அடுத்த வாரம் அவரே தன் வீட்டுத் தொட்டிக்கு மூன்று குழாய்களையும் வெட்டி, சுரண்டி, பொருத்தினார். மோட்டாரைப் போட்டுவிட்டுத் திருகை முடியளவு முடியளவாகத் திருப்பினார். உறுமல் குறைந்தது. பிறகு நின்றுபோயிற்று. வேதாசலம் திரும்பிப் பார்த்தார். அரசி அவரைப் பார்த்துப் பாதி உதட்டால் சிரித்தாள். அன்று மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினாள். அவள் தூங்குவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார் மனிதர். சந்தோஷத்தில் சாப்பிட மறந்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் வேதாசலம் ஆயிற்றே.

இரண்டாவது குழாயின் சலசலப்பு அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இதுவும் எதற்கு என்று தோன்றியது. முதல் குழாயே எல்லாத் தண்ணீரையும் வாங்கிக்கொள்கிறபடி திருகை நிறுத்தினார். அது நிற்கவில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் தண்ணீர் ஏறும், அல்லது காற்றை உறிஞ்சும். எழுந்து போய்த் திருப்புவார். பகலில் எட்டுத் தடவை, இரவில் நாலு தடவை. அது அவருக்குச் சிரமமாகவே தெரியவில்லை. பொண்டாட்டிக்காக இதுகூடச் செய்யமாட்டோமா என்றிருந்தது.

மற்ற இரண்டு குழாய்களும் அவருக்கு வேலைக்கு வந்துவிட்டுச் சும்மா நிற்கிற ஆட்களாகத் தெரிந்தன. ஆளுக்கொரு மூடி வாங்கி, இரண்டின் வாயையும் மூடினார். மூடிகள் ஆடின. பசை தடவி, முப்பது எண்ணினார்.

இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் அவர் ருசி கண்டுவிட்டார். எவர்சில்வர் தட்டு டம்ளர்களை மேலே ஏற்றிவிட்டுப் பிளாஸ்டிக்கில் கொடுத்தார். கட்டிலருகே விழுந்தால் சத்தம் போடும் பொருள் எதையும் வைக்கவில்லை. கைபேசியை ஒலியில்லாமல் ஆக்கினார். வீட்டுக்குள் செருப்பையும் விட்டுவிட்டார். குக்கர் விசில் கேட்கக் கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார்.

மூடிகள் போட்ட எட்டாம் நாள் பட்டறைக்கு வந்தார். கைபேசியை நீட்டினார்.

"கேளுங்க, டீச்சரம்மா."

ரோஸ்லின் காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பதிவு மூன்று நிமிடம் ஓடியது. அவர் பொறுமையாக மூன்று நிமிடமும் கேட்டார்.

"ஒண்ணுமே கேக்கலை, பாத்தீங்களா?" என்றார் வேதாசலம். முகம் முழுக்கப் பெருமை.

"ரெண்டாவது குழாய்கூடக் கேக்கலையே."

"அதை மூடிட்டேன். மூணாவதையும்."

ரோஸ்லின் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"பசை போட்டா?"

"சேச்சே. சும்மா சொருகி வெச்சிருக்கேன்."

"இன்னிக்கே எடுத்துடுங்க."

"எடுத்துடறேன்."

"நான் வந்து ஒரு பார்வை பாக்கட்டுமா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நானே பாத்துக்கறேன். சத்தம் வந்தா உங்களைக் கூப்பிடறேன்."

"வந்தாக் கூப்பிடுவீங்க. வராட்டி?"

வேதாசலம் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அப்போது அவர் கைபேசி ஒளிர்ந்தது. சத்தமில்லாமல் 'கோமளம்' என்று காட்டியது. அவர் அதைப் பலகைமேல் கவிழ்த்து வைத்தார்.

"எடுங்களேன்," என்றார் ரோஸ்லின்.

"அரசியோட தங்கச்சி. தினம் ரெண்டு தடவை பண்ணுவா. வரட்டுமா மாமா, வரட்டுமா மாமான்னு ஒரே பாட்டு. அவளுக்கும் குடும்பம் குட்டின்னு இருக்கு, பாவம். அப்புறமாப் பேசிக்கறேன்."

கைபேசி பலகையில் கவிழ்ந்தபடியே அதிர்ந்து ஓய்ந்தது.

மூடிகளை அவர் எடுக்கவில்லை. எடுப்பதென்றால் அறுக்க வேண்டும். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். ஹாலில் 'டணார்' என்று ஓர் ஓசை.

யார் இப்படிச் சத்தம் போடுவது என்று கோபத்தோடுதான் கதவைத் திறந்தார்.

ஹாலில் பாதிக்கு மேல் தண்ணீர். தொட்டியின் பின்னால் இருந்த பெட்டி நிரம்பி, சுவரோடு வழிந்து, தரையில் பரவி வந்துகொண்டிருந்தது. ஓசையே இல்லை. கட்டிலுக்கு அடியில் மின்சாரப் பலகை இருந்தது. அரசிக்குப் படுக்கைப் புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் வயர் அதில்தான் செருகியிருந்தது. தண்ணீர் அதைத் தொட இன்னும் ஒரு சாண் பாக்கி.

வேதாசலம் சுவரோரமாக ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். மோட்டார் நின்றது. விசிறி நின்றது.

அரசி கண்களை அகலத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை இன்னும் காற்றில் நீண்டிருந்தது.

நாலு மாதத்தில் முதல்முறையாக வேதாசலம் ஒருவரைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, கொஞ்சம் வர முடியுமா?" பேசி முடித்ததும் கைபேசியை அலமாரியில் மடித்து வைத்திருந்த போர்வைமேல் வைத்துவிட்டுத் துடைப்பத்தைத் தேடினார்.

ரோஸ்லின் கால் மணி நேரத்தில் பையோடு வந்து நின்றார். தொட்டியை எட்டிப் பார்த்தார். மூடிகளைத் தொட்டுப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். முதல் குழாயின் திருகைக் கழற்றினார். பாதி மூடிய இடுக்கில் ஒரு நத்தை மாட்டியிருந்தது. சுண்டைக்காய் அளவுதான். ரோஸ்லினின் பட்டறையில் வாங்கிய செடியோடு ஒட்டி வந்த நத்தை. அதை எடுத்துத் திரும்பத் தொட்டியின் கண்ணாடியில் ஒட்ட வைத்தார்.

"பாவம், அதுக்கென்ன தெரியும்," என்றார்.

பிறகு கட்டிலருகே வந்தார். தண்ணீரில் சில பொருள்கள் கிடந்தன. கைப் பயிற்சிக்கான ஸ்பாஞ்சுப் பந்து. மடித்த துண்டு ஒன்று. ஒரு கட்டுப் பஞ்சு. முதுகுக்கு அண்டக்கொடுக்கும் சின்னத் தலையணை. பிளாஸ்டிக் கப். கடைசியாக, கதவுப் பக்கம் உருண்டு போய், விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். அது முந்தின நாள் பயிற்சிப் பெண் தானாக எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னல் கட்டையில் வைத்துப் போனது. வேதாசலத்தின் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

ரோஸ்லின் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக் கட்டில்மேல் வரிசையாக வைத்தார்.

"முதல்ல எதைப் போட்டீங்கக்கா?"

அரசியின் இடது விரல் பந்தைத் தொட்டது.

"அப்புறம்?"

துண்டு.

"அப்புறம்?"

விரல் பஞ்சைத் தொட்டது. தலையணையைத் தொட்டது. கப்பைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் நின்றது. பிறகு ஜன்னல் கட்டையைக் காட்டியது. அது அவள் கைக்கு எட்டாத தூரம். உடம்பை இழுத்து இழுத்துத்தான் அங்கே போயிருக்க வேண்டும். முழங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது.

வேதாசலம் துடைப்பத்தோடு அப்படியே நின்றார். ஒவ்வொரு பொருளாகப் பார்த்தார். பந்து, துண்டு, பஞ்சு, தலையணை. ஒவ்வொன்றையும் எறிந்துவிட்டு அவள் சமையலறைக் கதவைப் பார்த்திருப்பாள். கதவு திறக்கவில்லை. அடுத்ததைத் தேடியிருப்பாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே, அரசி," என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அரசி சரிந்து விழுந்த நாளில்கூட அவர் அழவில்லை. இப்போது ஈரத் தரையில் சப்பென்று உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். நாலு மாத அழுகை அது, கேவிக் கேவி வந்தது. அரசியின் இடது கை மெதுவாக இறங்கி அவர் தலைமேல் உட்கார்ந்தது.

ரோஸ்லின் திரும்பி நின்று மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஆறும் இருந்தன.

வெகு நேரம் கழித்து வேதாசலம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாலு வார்த்தை திட்டிடுங்க, டீச்சரம்மா. பசை போடலைன்னு பொய் வேற சொன்னேன்."

ரோஸ்லின் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இரும்பு அறுக்கிற சின்ன ரம்பம்.

வேதாசலம் இரண்டாவது குழாயின் மூடிக்குக் கீழே ரம்பத்தை வைத்தார். குழாய் ஆடியது. ரம்பம் வழுக்கியது. ரோஸ்லின் ஓர் அடி முன்னால் வந்தார்.

"வேணாம், நானே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கட்டிலைப் பார்த்தார். "கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

ரோஸ்லின் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டார். மூடி அறுந்து விழுந்தது. மூன்றாவதும் அப்படியே.

தரையைத் துடைத்து, மின்சாரப் பலகையைக் காயவைத்து ஜன்னல் உயரத்தில் மாட்டி, மெயினைப் போட ஒரு மணி நேரம் ஆயிற்று. மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பி வழிந்தது. முதல் குழாய் நிறைந்து அடங்கியது. மிச்சத் தண்ணீர் நூலாக இரண்டாவதில் இறங்கிற்று. ஹாலில் அந்தச் சின்னச் சலசலப்பு கேட்டது. மூன்றாவது குழாய் காலியாக நின்றது.

வேதாசலம் பயந்துபோய் அரசியைப் பார்த்தார். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்பது தெரிந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிட்டது.

"தூங்கிட்டா," என்று கிசுகிசுத்தார் வேதாசலம்.

"ஏன் ரகசியம் பேசறீங்க? நல்லாவே பேசுங்க," என்றார் ரோஸ்லின். நசுங்கிய டம்ளரைத் துடைத்து, ஒரு கரண்டியோடு அரசியின் இடது கைப்பக்கம் வைத்தார். ரம்பத்தைப் பையில் போட்டார்.

வேதாசலத்துக்கு அவரை அனுப்ப மனம் வரவில்லை. தொட்டியின் பக்கமாகவே நின்றுகொண்டிருந்தார்.

"மறுபடியும் நத்தை மாட்டினா?"

"ரெண்டாவது வாங்கிக்கும்."

"அதுவும் அடைச்சா?"

"மூணாவது இருக்கு."

"மூணாவதுல தண்ணி இறங்கினா, போடற சத்தத்துல ஊரே கூடிடுமே."

"அதுக்குத்தான் வெச்சிருக்கு."

இப்போது வேதாசலம் தொட்டியைப் பார்க்கவில்லை. பசை காய்ந்து உரியும் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிச் சத்தம் வந்தா," என்று கேட்டார் கடைசியில், "நான் யாரைக் கூப்பிடறது, டீச்சரம்மா?"

அலமாரியில் போர்வைமேல் இருந்த கைபேசி சத்தமில்லாமல் ஒளிர்ந்து, 'கோமளம்' என்று காட்டியது. ரோஸ்லின் அதை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே, அவங்களை."